எழாத ஹெட்லைட்: மோட்டாரைக் கடைசியில் சந்தேகப்படுங்கள்

லண்டனின் வடமேற்குப் பக்கம் வசிக்கும் ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அதை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கிச் சொல்கிறேன்.

அவரிடம் இருப்பது 1991ஆம் வருடத்து யூனோஸ் ரோட்ஸ்டர். மற்ற நாடுகளில் மாஸ்டா எம்எக்ஸ்-5 என்று அறியப்படும் அதே கார்தான், ஜப்பானில் யூனோஸ் என்ற பெயரில் விற்றார்கள். அங்கிருந்து இறக்குமதியான காரை அவருடைய மாமனார் பல வருடம் ஓட்டிவிட்டு, இனி முடியாது என்றானதும் மருமகனிடம் சாவியைக் கொடுத்திருக்கிறார். இந்தக் காரின் ஹெட்லைட்டுகள் மூக்குக்குள் மூடியோடு மறைந்திருக்கும், ஸ்விட்சைப் போட்டால்தான் எழுந்து நிற்கும். போன குளிர்காலத்தில் இடது ஹெட்லைட் மெதுவாக எழ ஆரம்பித்தது. குளிரான காலைகளில் பாதியிலேயே நின்றுவிடும், எஞ்சின் ஓடும்போது மட்டும் கொஞ்சம் தேவலை. அவசரத்துக்கு மூடியைக் கையால் பிடித்துத் தூக்கியிருக்கிறார். கராஜில் "மோட்டார் போய்விட்டது" என்று சொல்லி, உடைத்த கார் ஒன்றிலிருந்து கழற்றிய மோட்டாரைப் போட்டு 340 பவுண்டு வாங்கினார்கள். இரண்டு வாரம் நன்றாக எழுந்தது, அப்புறம் பழையபடி. இப்போது வலது விளக்கிலும் தகராறு, ஆனால் வேறு மாதிரி: ஸ்விட்சை அணைத்த பிறகும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது, ஒரு நாள் இரவு பேட்டரியையே காலி செய்துவிட்டது. நடுவில் ஒரு முறை ஃப்யூஸும் போயிருக்கிறது.

ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். கராஜ்காரர் இரண்டு மோட்டாரையும் புதிதாகப் போடச் சொல்கிறார். ஒரு நண்பர் 40 ஆம்ப் ஃப்யூஸ் போட்டால் சரியாகிவிடும் என்கிறார். இன்னொருவர் எழும் விளக்கையே எடுத்துவிட்டு நிலையாக நிற்கும் விளக்கைப் பொருத்தச் சொல்கிறார். வாசகரும் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, எஞ்சின் காற்றை உறிஞ்சும் வேக்யூம் குழாயில் ஓட்டை இருக்கிறதா என்று தேடியிருக்கிறார். அடுத்த மாதம் எம்ஓடி, அதாவது கார் ரோட்டில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் வருடாந்தரச் சோதனை. மாமனார் ஒவ்வொரு முறை போன் பேசும்போதும் "லைட் சரியாயிட்டா?" என்று கேட்கிறாராம். "அண்ணா, மோட்டார் வாங்கலாமா? கராஜ்காரர் என்னை ஏமாற்றினாரா? இரவில் மோட்டர்வேயில் போகும்போது விளக்கு திடீரென்று விழுந்துவிடுமா?" என்று முடித்திருக்கிறார்.

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அந்தப் பயத்தோடு நீங்கள் ஓட்டக்கூடாது. விழாது. உங்கள் காரில் ஒவ்வொரு விளக்கையும் தனித்தனி மோட்டார், வேகம் குறைக்கும் கியர் வழியாக, ஒரு சின்ன கைப்பிடி போன்ற இரும்புத் துண்டைச் சுற்றித்தான் தூக்குகிறது. கரண்ட் நின்றால் விளக்கு எந்த இடத்தில் இருக்கிறதோ அங்கேயே நிற்கும். முழுதாக எழுந்து நின்ற விளக்கு ஃப்யூஸ் போனாலும் எழுந்தபடியேதான் இருக்கும். நீங்கள் வீடியோவில் பார்த்தது வேறு ஏற்பாடு. 1962இல் வந்த லோட்டஸ் எலான் காரில் எஞ்சினின் வேக்யூம்தான் விளக்கைத் தூக்கியது. குழாயில் கசிவு வந்தால் விளக்கும் தடுமாறும். உங்கள் எம்எக்ஸ்-5, எலானை மனதில் வைத்து உருவான கார் என்பதால் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஆனால் உங்கள் காரின் விளக்கில் வேக்யூமுக்கு எந்த வேலையும் இல்லை, அந்தத் தேடலை நிறுத்திவிடலாம்.

இன்னொன்று, கையால் மூடியைத் தூக்குவதையும் இன்றோடு நிறுத்துங்கள். மோட்டார் கியரைச் சுற்றும், ஆனால் கியர் பக்கமிருந்து தள்ளினால் மோட்டார் சுற்றாது, அப்படித்தான் அது செய்யப்பட்டிருக்கிறது. நீங்கள் தூக்கும் பலம் முழுவதும் இணைப்புக் கம்பியிலும் கியர் பல்லிலும் போய் உட்காரும். முறையான வழி ஒன்று இருக்கிறது. ஹெட்லைட் ஸ்விட்சை அணையுங்கள். பானெட்டுக்குள் இருக்கும் பெரிய ஃப்யூஸ் பெட்டியில் ரிட்ராக்டர் என்று எழுதியிருக்கும் 30 ஆம்ப் ஃப்யூஸைக் கழற்றுங்கள். அப்புறம் மோட்டாரில் ரப்பர் தொப்பிக்குள் ஒளிந்திருக்கும் திருகு குமிழைச் சுற்றுங்கள், நிறையச் சுற்ற வேண்டியிருக்கும், விளக்கு மெல்ல மேலே வரும். ஃப்யூஸைக் கழற்றாமல் அந்த இடத்தில் கை வைக்கவே வைக்காதீர்கள். உங்கள் வலது விளக்கு இப்போது இருக்கும் நிலையில், நீங்கள் விரலை உள்ளே விட்டிருக்கும்போது அது தானாகவே கிளம்பக்கூடும், அந்த இரும்புக் கைக்கு விரல் ஒரு தடையே இல்லை.

இப்படி இரண்டு விளக்கையும் முழுதாக மேலே ஏற்றி, ஃப்யூஸைக் கழற்றியபடியே கொஞ்ச நாள் ஓட்டலாம். விளக்கு எரிவதற்கான ஃப்யூஸ் வேறு என்பதால் வெளிச்சம் வழக்கம்போல வரும். பேட்டரியும் இரவில் காலியாகாது. அழகு குறைவுதான், ஆனால் பழுது பார்க்க உங்களுக்கு நேரம் கிடைக்கும்.

இடதும் வலதும் ஒரே பழுது இல்லை

உங்கள் கடிதத்தில் நான் திருத்த விரும்பும் முக்கியமான எண்ணம் இதுதான். "ஒன்று போனது, இப்போது அடுத்ததும் போகிறது, வயரிங் முழுவதும் அழுகிவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தை இன்னொரு முறை நீங்களே படித்துப் பாருங்கள். இடது விளக்கு பலமில்லாமல் எழுகிறது. வலது விளக்கு பலத்தோடுதான் எழுகிறது, அதற்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. முதலாவதில் மோட்டாருக்குப் போதுமான மின்சாரம் போய்ச் சேரவில்லை, அல்லது தூக்கவேண்டிய பாகம் இறுகிக்கிடக்கிறது. இரண்டாவதில் நிறுத்தும் ஏற்பாடு கெட்டிருக்கிறது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் இரண்டு மோட்டார் வாங்குவதில்தான் போய் முடியும்.

இடதுக்கு வருவோம். எஞ்சின் ஓடும்போது தேவலை என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, கடிதத்திலேயே எனக்கு மிகவும் உதவிய வரி அதுதான். எஞ்சின் நிற்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், ஓடும்போது, எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் அதை 14 வோல்ட் பக்கம் ஏற்றிவிடும். அந்தக் கூடுதல் ஒன்றரை வோல்ட்டில் மோட்டாருக்கு உயிர் வருகிறது என்றால், மோட்டார் சாகவில்லை. வழியில் எங்கோ வோல்ட்டேஜ் தொலைகிறது, அல்லது சுமை அதிகம். சாதாரண நாளில் எப்படியோ சமாளிக்கிறது, குளிரில் கிரீஸ் கெட்டியாகி பேட்டரியும் தளரும்போது முடியாமல் போகிறது.

உங்கள் காரில் பேட்டரி எங்கே இருக்கிறது என்று கவனித்திருப்பீர்கள்: பின்னால், டிக்கியில். காரின் எடை முன்னும் பின்னும் சமமாக விழவேண்டும் என்பதற்காக அங்கே வைத்தார்கள். அதனால் ஹெட்லைட் மோட்டாருக்குப் போகும் கரண்ட் காரின் முழு நீளத்தையும் கடந்து, வழியில் பல இணைப்புகளைத் தாண்டி மூக்குக்கு வரவேண்டும். அந்த மூக்குப் பகுதிதான் முப்பது வருடத்துக்கு மேலாக மழைத் தண்ணீரையும், இங்கே வந்த பிறகு இங்கிலாந்தின் ரோட்டு உப்பையும் வாங்கிக்கொண்டிருக்கிறது. சரி, அப்படியென்றால் வலது மோட்டார் ஏன் பலமாக எழுகிறது? பேட்டரி, பெரிய கேபிள், ஃப்யூஸ், ஸ்விட்ச் எல்லாம் இரண்டுக்கும் பொது. பொதுவான பாகத்தில் பெரிய குறை இருந்தால் இரண்டும் சேர்ந்துதான் தளர்ந்திருக்கும். ஆகவே நாம் தேடவேண்டிய இடம் சின்னது: இடது மோட்டாரில் வயரைச் சொருகும் கனெக்டர், கரண்ட் காரின் உடம்பு வழியாகத் திரும்பிப் போகும் எர்த் இணைப்பு, அதன் மேலே இருக்கும் மூட்டுகள்.

மோட்டாரை மாற்றியதும் இரண்டு வாரம் வேலை செய்ததே என்று கேட்பீர்கள். மாற்றும்போது என்ன நடந்தது என்று யோசியுங்கள். கனெக்டரைக் கழற்றி மறுபடி அழுத்திச் சொருகினார்கள். உள்ளே பச்சை பிடித்திருந்த பின்கள் அப்போது ஒன்றோடொன்று உரசி, கொஞ்சம் சுத்தமாகி, நல்ல தொடர்பு கொடுத்தன. ஈரம் பட்டதும் மறுபடி பச்சை பிடித்தது. இதைப் பழைய கார்களில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். புதிய பாகம் குணப்படுத்தியது போலத் தெரியும், உண்மையில் குணப்படுத்தியது கழற்றி மாட்டிய கைதான். உங்கள் காரில் இதுவாகத்தான் இருக்கவேண்டும் என்று அளக்காமல் சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால் இதன்மேல்தான் கட்டுவேன்.

மீட்டரை எப்போது வைப்பது

நீங்களும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறீர்கள், நல்லது. கனெக்டரைக் கழற்றி, அதன் வாயில் 12.4 வோல்ட் வந்தது, அதனால் வயரிங் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்திருக்கிறீர்கள். அந்த முடிவு தவறு, இது எல்லாரும் செய்யும் தவறு என்பதால் விரிவாகச் சொல்கிறேன். கரண்ட் ஓடாதபோது வோல்ட்டேஜ் தொலையாது. ஒரு வயரில் இருபது இழை அறுந்து ஒரே ஓர் இழை மிச்சம் இருந்தாலும், மோட்டார் இணைக்கப்படாதபோது மீட்டர் 12 வோல்ட்தான் காட்டும். மோட்டார் சுமையைத் தூக்கத் திணறும் அந்தச் சில விநாடிகளில் அளந்தால்தான் உண்மை வெளியே வரும்.

எனவே கனெக்டரை மாட்டியபடியே, வயர் நுழையும் பின்பக்கமாக மீட்டரின் ஊசியைச் செருகுங்கள். காருக்குள் ஒருவரை உட்காரவையுங்கள், நீங்கள் குரல் கொடுக்கும்வரை எதையும் தொடக்கூடாது என்று சொல்லிவையுங்கள். டேஷ்போர்டின் நடுவில் அபாய விளக்கு பட்டனுக்குப் பக்கத்தில் விளக்கை எரிக்காமல் எழுப்ப மட்டும் ஒரு தனி பட்டன் இருக்கிறது, முதலில் அதை அழுத்தச் சொல்லுங்கள். எழும்போது மோட்டாரின் இரண்டு முனைக்கும் இடையே எவ்வளவு வோல்ட் என்று பாருங்கள். அதே அளவீட்டை வலது பக்கமும் எடுங்கள். வலதில் பன்னிரண்டுக்குப் பக்கத்திலும் இடதில் ஒன்பது, பத்து என்றும் வந்தால் குறை பெரும்பாலும் வழியில்தான், மோட்டாரில் இல்லை.

அடுத்து எர்த். கறுப்பு ஊசியைப் பெயின்ட் இல்லாத சுத்தமான உடம்பு இரும்பில் வையுங்கள், சிவப்பு ஊசியை மோட்டாரின் எர்த் வயரில் வையுங்கள், விளக்கை எழுப்பச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருக்கவேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று ஏறினால் எர்த் இணைப்பு கெட்டிருக்கிறது. உறுதிப்படுத்த எளிய வழி, ஒரு தடித்த வயரை அந்த எர்த் முனையிலிருந்து சுத்தமான போல்ட் ஒன்றுக்குத் தற்காலிகமாக இழுத்துப் பாருங்கள், விளக்கு சட்டென்று எழுந்தால் உங்கள் 340 பவுண்டு பிரச்சினை அங்கேதான் இருந்திருக்கிறது. அந்த போல்ட்டைக் கழற்றி, துருவைத் தேய்த்து, திரும்ப இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் பூசவேண்டும், அவ்வளவுதான் வேலை.

பட்டனை அழுத்தி எழுப்பும்போது பரவாயில்லை, விளக்கை எரித்தால் மட்டும் தள்ளாடுகிறது என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பல்பும் எரியும்போது ஒன்பது ஆம்ப் அளவுக்குக் கூடுதல் சுமை விழுகிறது. அது மோட்டாரைப் பாதிக்கிறது என்றால் இரண்டுக்கும் பொதுவான எர்த்திலோ பேட்டரி பக்கமோ பலவீனம் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு இரவு முழுக்கக் காலியான பேட்டரி பழைய நிலைக்கு வராமலும் போயிருக்கலாம். முழுதாக சார்ஜ் செய்து, ஓர் இரவு சும்மா வைத்து, காலையில் அளந்து பாருங்கள். மாற்ற நேர்ந்தால் ஒன்றை மறக்காதீர்கள்: இந்தக் காருக்குக் கொடுத்தது டிக்கிக்குள் வைப்பதற்கென்றே மூடப்பட்ட வகை பேட்டரி, அதிலிருந்து வரும் வாயு வெளியே போகக் குழாய் உண்டு. மலிவாகக் கிடைக்கிறதென்று சாதாரண பேட்டரியை வாங்கி உள்ளே வைத்துவிட்டால் ஹைட்ரஜன் டிக்கியிலேயே தங்கும். இப்போது இருப்பது எந்த வகை, எப்போது மாற்றியது என்று மாமனாரிடம் கேளுங்கள். அவர் விளக்கைப் பற்றி விசாரிக்கும்போது நீங்களும் திருப்பிக் கேட்க நிறைய இருக்கிறது. மோட்டார் முன்பு எப்போதாவது திறக்கப்பட்டதா, காரின் முன்பக்கம் எங்காவது இடித்ததா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

மின்சாரம் இரண்டு பக்கமும் ஒரே அளவு வருகிறது, இருந்தும் இடது தளர்கிறது என்றால் மூட்டுகளுக்குப் போங்கள். ஃப்யூஸைக் கழற்றிவிட்டு, மோட்டாரின் கையிலிருந்து இணைப்புக் கம்பியை விடுவித்து, விளக்கை வெறும் கையால் மேலே கீழே அசைத்துப் பாருங்கள். இப்போது கையால் தூக்குவது தவறில்லை, ஏனென்றால் கியர் கழன்றுவிட்டது. தடையில்லாமல் வரவேண்டும். கரகரவென்று இறுக்கமாக வந்தால் பழைய கிரீஸும் துருவும் சேர்ந்து மூட்டைப் பிடித்திருக்கின்றன, சுத்தம் செய்து புதுக் கிரீஸ் வைத்தால் போதும். நீங்கள் முன்பு பலமாகத் தூக்கியதில் கம்பி வளைந்திருக்கிறதா என்றும் வலது பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்து, மோட்டார் சுற்றும் சத்தம் நன்றாகக் கேட்டு, விளக்கு மட்டும் எழவில்லை என்றால்தான் கியர் பெட்டிக்குள் உடைவு என்று நினைக்கவேண்டும். அமெரிக்காவின் சி4 கார்வெட் காரை வைத்திருப்பவர்கள் அதைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள், அந்த மோட்டாருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் துண்டுகள் வயதாகிப் பொடிந்துபோகும். நீங்கள் எழுதியிருப்பதில் அந்த அறிகுறி இல்லை.

வலது விளக்கு ஏன் நிற்க மறுக்கிறது

இந்த மோட்டார் எழும்போதும் இறங்கும்போதும் ஒரே திசையில்தான் சுற்றுகிறது. அரைச் சுற்று சுற்றினால் விளக்கு மேலே, அடுத்த அரைச் சுற்றில் கீழே. எங்கே நிற்கவேண்டும் என்பதை மோட்டாரோடு சேர்ந்து சுற்றும் ஒரு தகடு முடிவு செய்கிறது. அதில் செப்புப் பாதை இருக்கும், மேலே வில் போன்ற சின்னத் தொடுமுனைகள் உரசிக்கொண்டே போகும், பாதையில் இடைவெளி வரும் இடத்தில் கரண்ட் அறுந்து மோட்டார் நிற்கும். வைப்பரை நடுவில் அணைத்தாலும் அது கண்ணாடியின் அடிவரை வந்துதான் நிற்கிறதல்லவா, அதே தத்துவம்தான்.

முப்பது வருடத்தில் அந்தத் தகட்டின் கிரீஸ் கறுத்து, செப்புத் தூளும் ஈரமும் கலந்து, இடைவெளி இருக்கவேண்டிய இடத்தில் பாலம் போட்டுவிடும். அல்லது தொடுமுனை தேய்ந்து, நிற்கவேண்டிய இடத்தைத் தாண்டி வழுக்கி அடுத்த பாதையைத் தொட்டுவிடும். தொட்டதும் இன்னொரு சுற்று, மறுபடி வழுக்கல், மறுபடி சுற்று. ஸ்விட்சை அணைத்தும் நிற்காததற்குக் காரணம் இதுதான், இறங்கி முடிக்கும்வரை மோட்டாருக்குக் கரண்ட் கொடுப்பது ஸ்விட்ச் இல்லை, அந்தத் தகடு.

இதற்கும் புது மோட்டார் தேவையில்லை. ஃப்யூஸைக் கழற்றிவிட்டு மோட்டாரை வெளியே எடுத்து, தகடு இருக்கும் பக்கத்து மூடியைத் திறந்து, மின்தொடர்பு சுத்தம் செய்யும் ஸ்ப்ரேயால் பழைய கிரீஸை முழுவதும் கழுவி, செப்பு பளிச்சென்று தெரியும்வரை துடைத்து, தொடுமுனைகள் தகட்டை அழுத்துகின்றனவா என்று பார்த்து, மெல்லிசாகப் புது கிரீஸ் பூசி மூடவேண்டும். மணல் தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், செப்பு மிக மெல்லியது. முக்கியமாக, சுற்றும் கையை மோட்டாரிலிருந்து கழற்றுவதற்கு முன் எந்த நிலையில் இருந்தது என்று பெயின்ட்டாலோ மார்க்கராலோ ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். கோடு போடாமல் கழற்றினால் திரும்ப மாட்டும்போது விளக்கு பாதி எழுந்து நிற்கும், அல்லது மூடி பானெட்டோடு சமமாகப் படியாது.

அந்த 40 ஆம்ப் ஃப்யூஸ் யோசனையை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஃப்யூஸ் 30 ஆம்பில் இருப்பது அந்த வயரைக் காப்பாற்றத்தான். மோட்டார் இறுகி நின்றால் ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு கரண்டை இழுக்கும், அப்போது ஃப்யூஸ் போவதுதான் நல்லது. பெரிய ஃப்யூஸ் போட்டால் அடுத்தபடியாகச் சூடாகி உருகப்போவது வயர். உங்கள் ஃப்யூஸ் போன நாள் பனி உறைந்திருந்த காலையா என்று நினைத்துப் பாருங்கள். மூடியின் விளிம்பில் பனி ஒட்டியிருக்கும்போது ஸ்விட்சைப் போட்டால் மோட்டார் அசைய முடியாமல் நின்றுவிடும். பனி கரைக்கும் திரவத்தை விளிம்பில் தெளித்து, மூடி விடுபட்ட பிறகே எழுப்புங்கள். வெந்நீர் வேண்டாம், அது கனெக்டருக்குள் இறங்கி அங்கேயே உறையும்.

நிலையான விளக்கு, எம்ஓடி, கராஜ்காரர்

எழும் விளக்கை எடுத்துவிடுவதை நான் ஆதரிக்கவில்லை. உங்கள் கார் உங்கள் உரிமை, செய்யக்கூடாது என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை. ஆனால் என்ன இழப்பீர்கள் என்று தெரிந்து செய்யுங்கள். 1936இல் கார்ட் 810 காரில் கையால் சுற்றி எழுப்பியதிலிருந்து தொடங்கிய வழக்கம் இது. 1998இல் வந்த இரண்டாம் தலைமுறை எம்எக்ஸ்-5 இதைக் கைவிட்டது, 2004இல் கடைசி லோட்டஸ் எஸ்ப்ரியும் சி5 கார்வெட்டும் நின்றபோது பெரிய அளவில் தயாரிப்பவர்களிடம் இது முடிந்துபோனது. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5ஐ மக்கள் தேடி வாங்கும் காரணங்களில் இந்த விளக்கும் ஒன்று. அதை அறுத்தெடுத்தால் திரும்ப வைப்பது பெரும்பாடு, காப்பீட்டு நிறுவனத்துக்கும் மாற்றத்தைத் தெரிவித்தாகவேண்டும், தெரிவிக்காமல் விட்டால் விபத்து நேரத்தில் அது உங்களுக்கு எதிராக நிற்கும். ஒரு எர்த் போல்ட்டுக்காகவும் அழுக்குத் தகட்டுக்காகவும் அவ்வளவு தூரம் போகவேண்டுமா?

எம்ஓடி விஷயத்தில், ஹெட்லைட் எரியாவிட்டால் தேர்வு போகும், வெளிச்சம் விழும் உயரமும் அளக்கப்படும். பாதி எழுந்து நிற்கும் விளக்கு எரிந்தாலும் தரையைத்தான் பார்க்கும். எனவே வேலை முடிந்ததும், சோதனைக்கு முன்பே, இரண்டு விளக்கும் முழு உயரத்துக்கு வந்து நிற்கின்றனவா என்று பார்த்து, வெளிச்சக் கோணத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஜப்பானிலும் இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பதால் உங்கள் விளக்கின் சாய்வு இங்கிலாந்துக்கும் பொருந்தும், அதில் கவலை வேண்டாம்.

கராஜ்காரர் ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. மாற்றினார், வேலை செய்தது, சரியாகிவிட்டது என்று நம்பினார். ஆனால் அளக்காமல் பாகத்தை மாற்றினார், அந்தச் செலவு உங்கள் தலையில் விழுந்தது. 2015ஆம் வருட நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, காசு வாங்கிச் செய்யும் வேலையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யவேண்டும். செய்யவில்லை என்றால் மறுபடி செலவில்லாமல் செய்துகொடுக்கவோ, அது முடியாதபோது விலையைக் குறைக்கவோ நீங்கள் கேட்கலாம். பழைய மோட்டாராக இருந்தாலும் அதன் வயதுக்கு ஏற்ற தரம் இருக்கவேண்டும், ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் வாங்கும்போதே அந்தக் குறை இல்லை என்று காட்டவேண்டியது அவர் பொறுப்பு. உங்கள் வழக்கில் மோட்டார் நல்லதாகவே இருக்கும் என்பது என் எண்ணம், ஆகவே கேள்வி மோட்டாரின் தரத்தைப் பற்றியது இல்லை, பழுதைக் கண்டுபிடித்த விதத்தைப் பற்றியது.

அதனால்தான் அளவீடுகளை முதலில் எடுங்கள் என்கிறேன். சண்டைக்குப் போகும் முகத்தோடு போகாமல், "இடதில் இவ்வளவு வோல்ட், வலதில் இவ்வளவு, எர்த்தில் இவ்வளவு தொலைகிறது" என்று எழுதிக்கொண்டு போங்கள். நியாயமான மெக்கானிக் அந்தத் தாளைப் பார்த்ததுமே புரிந்துகொள்வார், எர்த்தையும் கனெக்டரையும் அவரே சரிசெய்துகொடுக்க முன்வரலாம். கழற்றிய பழைய மோட்டார் இன்னும் அவரிடம் இருந்தால் திருப்பிக் கேளுங்கள், அது நல்ல மோட்டாராகவே இருக்க வாய்ப்பு அதிகம், உதிரியாக வைத்துக்கொள்ளலாம். ஒத்துவராவிட்டால் கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். கார் தொடர்பான புகார்களை விசாரிக்கும் மோட்டார் ஆம்பட்ஸ்மன் அமைப்பில் அந்த கராஜ் சேர்ந்திருந்தால் அங்கே புகார் கொடுக்கலாம். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், 100 பவுண்டுக்கு மேற்பட்ட தொகை என்பதால் 1974ஆம் வருட நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி கார்டு நிறுவனத்திடமும் கேட்கலாம். டெபிட் கார்டுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது.

வேலையின் வரிசை இப்படி இருக்கட்டும்: இந்த வாரம் விளக்குகளை மேலே ஏற்றி ஃப்யூஸைக் கழற்றி வைத்துவிடுங்கள், பேட்டரியை சார்ஜ் செய்து அளந்துவிடுங்கள். வார இறுதியில் இடது பக்கத்து அளவீடுகள். வலது மோட்டாரைத் திறக்க ஒரு முழு மதியம் ஒதுக்குங்கள், முதல் முறை என்றால் அவ்வளவு நேரம் ஆகும். மீட்டர் காட்டும் எண்களை, எஞ்சின் நின்றபோதும் ஓடும்போதும் தனித்தனியாகக் குறித்து எனக்கு எழுதுங்கள். இரண்டு பக்கமும் சமமாக வந்து, மூட்டும் தளர்வாக இருந்து, அப்படியும் இடது விளக்கு திணறினால் அப்போது மோட்டார் வாங்குவதைப் பற்றிப் பேசலாம், அதுவும் ஒன்றுதான், இரண்டு இல்லை.